யோகனின் பெட்டி மீது ஒரு வழக்கு

எதிரிக் கூண்டைக் கிளுவங் கதியாலால்தான் கட்டினோம். வாசிகசாலை முற்றத்தில், வேம்பின் நிழல் விழும் பக்கமாக நான்கு கதியால்களை நட்டு, சுற்றிவரக் கயிறு கட்டி, உள்ளே ஒரு கதிரை போட்டோம். கதிரையில் ஒரு கணினி. அதன் மேல் சறோ ரீச்சரின் பழைய நூல் சேலை, முக்காடு போட்டாற்போல.

"எதிரி முக்காட்டோட நிக்கேலாது. முகத்தைக் காட்டச் சொல்லுங்கோ" என்றார் நீதிபதி.

யோகன் எழும்பிப் போய்ச் சேலையை மெல்ல எடுத்தான். தூசி உள்பக்கம் போகாதபடி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சபை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

மூன்று வீடு தள்ளி யாரோ நாதஸ்வரம் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஊதும் சாதகம். நாதஸ்வரத்துக்குப் பேர்போன எங்கள் அளவெட்டியில் எந்தக் கூட்டமும் அந்த ஒலிக்கு இடம்விட்டுத்தான் நடக்கும். "அந்தத் தம்பிக்கு அந்தப் பிடி சரிவரட்டும், தொடங்குவம்" என்றார் நீதிபதி. சரிவந்தது. வழக்குத் தொடங்கியது.

குற்றச்சாட்டு இதுதான்: அந்தப் பெட்டிக்குள் ஓடும் பக்கேஜ், ஊருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்டால் அன்றோடு வாசிகசாலை ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் நிற்கும். மண்ணெண்ணெய் நின்றால் யோகனின் கணினி வகுப்பும் நிற்கும். விளையாட்டாகக் கூட்டிய மன்றம்தான். ஆனால் தீர்ப்பை ஏற்பதென்று நிர்வாகக் குழு எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. எழுதியவன் செயலாளராகிய நான்.

எதிரிக்காக வாதாடும் அப்புக்காத்தும் நான்தான். கணினியைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது அதை நனைக்கக் கூடாது என்பது மட்டுமே.

திகதி பற்றி ஒரு குறிப்பு

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் திகதிப் பைத்தியம் தெரியும். சந்தைக் கட்டடம் திறந்தது தை மாதம் அல்ல, மாசி என்று உடுப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி திருத்தி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. நன்றி.

ஆனால் இந்த வழக்கு நடந்த திகதியை என்னால் சொல்ல முடியாது. வருடந்தோறும் தவறாமல் எழுதிய என் நாட்குறிப்புகளைத் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் வீட்டில் விட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கறையான் அவற்றை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகவே வாசித்து முடித்திருந்தது.

ஆகவே இப்படிச் சொல்கிறேன். மின்சாரம் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மிளகாய்க் கன்றுகள் வாடி நின்றன. நல்லூரில் இன்னும் திருவிழாக் கொடி ஏறவில்லை. எங்கள் பக்கத்தவர்களுக்கு இது போதும்.

பிஸ்கற் பேணி

யோகநாதன் என்னோடு படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். கொழும்பில் ஒரு கந்தோரில் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்துப் போனான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், மற்ற எல்லோரையும் போலக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினான்.

ஆட்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள். யோகன் ஒரு பிஸ்கற் பேணியோடு வந்தான். அதை அவன் முகாமிலும் கப்பலிலும் தலைக்கு வைத்துப் படுத்திருந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள். பசியிலும் திறக்காத பேணி.

வீட்டில் அவன் தாயார்தான் திறந்தார். உள்ளே கறுப்பாக, சதுரமாக, வளைகிற தட்டுகள்.

"இதென்ன மோனை, பாட்டுத் தட்டே?"

"இல்லையம்மா. இதுக்குள்ளை ஒரு கந்தோரே இருக்கு."

தாயார் பேணியை மூடிவிட்டுச் சோறு போடப் போனாராம். இதை யோகனே சொல்லிச் சிரிப்பான்.

அந்தத் தட்டுகளில்தான் பக்கேஜ் இருந்தது. மென்பொருள் என்ற சொல் அப்போது எங்கள் காதுக்கு வந்திருக்கவில்லை. பக்கேஜ் என்றோம். அதன் பெயரை எழுதப் போவதில்லை. இன்று அதைக் கேள்விப்பட்டவர்களே சிலர். அதைச் செய்தவர்களுக்கும் அளவெட்டியில் தங்கள் மீது ஒரு வழக்கு நடந்தது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

புரோகிராம்களை ஆக்குவதற்கான பெரிய கருவி அது. அந்நாளில் உலகம் முழுவதும் அதைப் பற்றித்தான் பேச்சு என்று யோகன் சொன்னான். மற்றவற்றில் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று வரிவரியாகச் சொல்லித்தர வேண்டும். இதில் என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், எப்படி என்பதை அது பார்த்துக்கொள்ளும். இனி யாரும் புரோகிராம் செய்யலாம். அதற்கென்று தனி ஆள் தேவையில்லை.

இதைச் சொல்லும்போது யோகனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். புரோகிராம் எழுதுகிறவன், புரோகிராம் எழுதுகிறவன் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறானே என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர் ஒருவர்தான். அவர் பிறகு அவனைக் கலியாணம் செய்தார்.

சறோசினி ரீச்சர் உடுவிலில் கணிதம் படிப்பித்தார். ஒரு விடை சரி என்றால், எப்படிச் சரி என்று கேட்கிறவர். பட்டணத்தில் மூடிய ரியூற்றரி ஒன்றிலிருந்து அந்தக் கணினியை வாசிகசாலைக்குக் கொண்டுவந்தது யோகன். அதற்குத் தன் சேலையை உறையாகக் கொடுத்தது ரீச்சர்.

மின்சாரம் போன பிறகும் வகுப்பு நிற்கவில்லை. பிள்ளைகள் கிழமை முழுவதும் கடதாசியில் புரோகிராம் எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெனரேற்றரை இழுத்து, வரிசையில் நின்று, எழுதியதைப் பெட்டியில் அடித்துப் பார்ப்பார்கள். பச்சை எழுத்தில் விடை வரும்போது எழும் சத்தம் சந்தி வரை கேட்கும்.

துலா திரும்பி வந்தது

இனிக் கிணற்றுக்கு வருகிறேன். வழக்கின் வேர் அங்கேதான்.

எங்கள் புளியடிக் கிணறு பங்குக் கிணறு. சில குடும்பங்களுக்கு அதில் உரிமை. ஒரு பங்குக்கு ஒரு நாள் இறைப்பு. இரண்டு பங்குள்ளவருக்கு இரண்டு நாள். பங்குகள் முதுசமாகவும் சீதனமாகவும் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து வந்தவை.

வோட்டர் பம் வந்தபோது இந்த முறைகளை எல்லோரும் மறந்துவிட்டோம். காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர் என்று ஒரே நாளில் எல்லாத் தோட்டமும் நனைந்துவிடும். யாருடைய முறை என்று யார் கேட்கப் போகிறார்கள்?

மண்ணெண்ணெய் தட்டுப்பட்டதும் பம் ஓய்ந்தது. கழற்றி வீசிய துலாக்களைத் தேடிப் பிடித்து மீண்டும் நிறுத்தினார்கள். துலாவில் இறைத்தால் ஒரு தோட்டத்துக்கு முழு நாள் போகும். ஒருவர் துலா மிதிக்க வேண்டும், ஒருவர் தண்ணீர் மொள்ளும் பட்டையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். ஆகவே முறையும் திரும்பி வந்தது. ஆனால் ஒழுங்கு யாருக்கும் நினைவில்லை. கிணற்றடியில் நாளும் சண்டை.

"நான் செய்து தாறன்" என்றான் யோகன்.

பங்காளிகளின் பெயர், பங்கு, தொடங்கும் திகதி. இவ்வளவையும் பெட்டிக்குச் சொன்னான். பக்கேஜுக்குத் திகதி என்றால் தண்ணீர் பட்ட பாடு. லீப் வருடம் கூடத் தெரிந்து வைத்திருந்தது. எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது அன்றுதான். பிறின்ரரின் மை காய்ந்த றிபனுக்கு எண்ணெய் தடவி அச்சடித்தோம். ஆண்டு முடிவு வரை எந்தத் திகதிக்கு யாருடைய முறை என்று மங்கலாக, ஆனால் பிழையில்லாமல் வந்தது. கிணற்றுக் கட்டில் ஒட்டினோம். சண்டை நின்றது.

சில கிழமைகளுக்குத்தான்.

செத்தவீடும் கடதாசியும்

எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. அன்று புளியடிக் கிணற்றில் யாரும் இறைக்க மாட்டார்கள். அது எங்கள் வழக்கம். அன்றைய முறை கந்தையா அண்ணையினுடையது.

மறுநாள் விடியக் கந்தையா அண்ணை பட்டையோடு வந்தார். கடதாசியின்படி அடுத்த முறைக்காரியான பூமணி அக்காவும் மண்வெட்டியோடு வந்தார். புகையிலையிலும் பேச்சிலும் காரமான மனிதர் கந்தையா அண்ணை. பூமணி அக்கா கணவனை இழந்த பிறகு தனியாகத் தோட்டம் செய்தவர், பேச்சில் அவருக்குச் சளைத்தவரல்ல.

"நேத்து இறைக்கேல்லை. அப்ப இண்டைக்கு என்ரை."

"உங்கடை திகதி நேத்து. முடிஞ்சுது. கடதாசியைப் பாருங்கோ."

"செத்தவீட்டுக்குக் கடதாசி பாத்தே நாள் வைச்சவை?"

கந்தையா அண்ணை கடதாசியைக் கிழித்தார். கிழித்த பாதியோடு யோகனின் படலைக்கு வந்தார்.

யோகன் அதே வெள்ளிக்கிழமை பெட்டிக்குச் செத்தவீட்டைச் சொல்லிக்கொடுத்தான். அடுத்த கிழமை ஒரு வீட்டில் துடக்கு, தீட்டென்று இறைக்கவில்லை. அதையும் சொல்லிக்கொடுத்தான். பிறகு ஒரு கலியாணம். இரண்டு பங்காளிகள் தங்களுக்குள் முறை மாற்றிக்கொண்டார்கள். அதையும். பிறகு ஒரு நாள் ஷெல் அடி, யாரும் வெளியே வரவில்லை. அதற்குப் பெயர் என்ன வைப்பதென்று யோகன் என்னிடம் கேட்டான். வெள்ளிக்கிழமைதோறும் புதிய கடதாசி. பிள்ளைகளின் நேரம் குறைந்தது, மண்ணெண்ணெய்ச் செலவு கூடியது.

"கிழமைக்கு ஒருக்கா உவன் உதுக்கு வைத்தியம் பாக்கிறான்" என்றார் கந்தையா அண்ணை. "அந்த எண்ணெயைப் பம்முக்கு விட்டால் என்ரை மிளகாயெண்டாலும் தப்பும்."

நிர்வாகக் குழுவில் பலர் தலையாட்டினார்கள். சொன்னதில் பிழையும் இல்லை. மிளகாய் உண்மையிலேயே வாடிக்கொண்டிருந்தது.

வழக்கு வைப்பம்

அந்நாட்களில் கோவில் திருவிழாக்களில் வழக்காடு மன்றம் பெரும் மோகம். காவியத்து ஆட்களைக் கூண்டில் ஏற்றி, அப்புக்காத்துமார் வாதாடி, நடுவர் தீர்ப்புச் சொல்வார். சனம் கச்சான் கொறித்துக்கொண்டு விடிய விடியக் கேட்கும்.

"எத்தினை வருசத்துக்குத்தான் செத்துப்போன ராசாக்களைக் கோட்டுக்கு இழுக்கிறது?" என்றார் அம்பலவாணர். கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "வாசிகசாலை ஆண்டு விழா வருகுது. இந்தப் பெட்டியை ஏத்துவம். வாக்குக் குடுத்ததோ, காப்பாத்தினதோ எண்டு பாப்பம். அதைக் கொண்டு மண்ணெண்ணெயை முடிவெடுப்பம்."

அவரே நீதிபதி என்று முடிவாயிற்று. வாதி கந்தையா அண்ணை. எதிரி தரப்புக்கு நான். வாதி தரப்புக்கு யார் என்ற கேள்வி வந்தபோது, பின்வரிசையிலிருந்து சறோ ரீச்சர் கை உயர்த்தினார்.

யோகன் திரும்பிப் பார்த்தான். "நீரோ?"

"ஏன், உங்கடை பக்கேஜின்ரை குறையெல்லாம் இரவிரவாக் கேட்டது ஆர்? கந்தையா அண்ணையே?"

அந்தக் கிழமை முழுவதும் அவர்கள் வீட்டில் சாப்பாடு வழக்கம்போல நடந்தது, கதை மட்டும் இல்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

பூமணி அக்காவின் சாட்சியம்

முதலில் நான் பேசினேன். கணக்கில் ஒரு தடவையாவது பெட்டி பிழை விட்டதா என்று கேட்டேன். இல்லை என்று வாதியே ஒத்துக்கொண்டார். கேட்டதைத்தான் அது செய்தது, கேட்ட நாங்கள்தான் எல்லாவற்றையும் சொல்லவில்லை என்றேன். கைதட்டல் விழுந்தது. என் வாதம் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

சறோ ரீச்சர் பூமணி அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, செத்தவீடு வந்தால் முறை என்ன செய்யும்?"

"நிக்கும்."

"நிக்கும் எண்டால்?"

"நிக்கும் பிள்ளை. ஓடாது. அண்டைக்கு இறைக்கவேண்டினவர் அடுத்த நாள் இறைப்பார். மற்றவை அவருக்குப் பின்னாலை."

"இப்பிடி எத்தினை நாளைக்கு நிக்கும்?"

"ஆக்கள் இறைக்க வரும் மட்டும். ஒரு வருசம் எண்டாலும் நிக்கும். கிணறு எங்கை போகப்போகுது?"

நான் எழும்பினேன். "இவ்வளவு தெரிஞ்ச நீங்கள், அண்டைக்கு ஏனக்கா கடதாசியைக் காட்டிக் கந்தையா அண்ணையோட மல்லுக்கு நிண்டனீங்கள்?"

"அண்டைக்குக் கடதாசி எனக்குத்தானே சரியாயிருந்தது!"

சபை குலுங்கியது. கந்தையா அண்ணை கூடச் சால்வையால் வாயை மூடினார். "சாட்சி நேர்மையானவர்" என்று நீதிபதி குறித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்புக்குள்தான் தெற்கே விமானம் சுற்றும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம்.

"நீதிமன்றம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார் அம்பலவாணர், எழும்பாமலே. "பங்கருக்குள்ளை இறங்குங்கோ. பொம்பிளையள் முதலிலை. எதிரி இருக்கிற இடத்திலையே இருக்கட்டும்."

வாசிகசாலைப் பின்புறத்துப் பங்கர் பனங்குற்றி போட்டது. இறங்கியவர்களில் கடைசி ஆள் யோகன். கக்கத்தில் பிஸ்கற் பேணி.

"பேணிக்குப் பிறகுதானோ பெண்சாதி?" என்று இருட்டுக்குள்ளிருந்து ரீச்சரின் குரல் வந்தது.

"பிள்ளை, உதைக் கோட்டிலை கேளும். இஞ்சை கோடு இல்லை" என்றார் நீதிபதி.

விமானம் எங்கோ தூரத்தில் குண்டைப் போட்டுவிட்டுப் போனது. மண் உதிர்ந்தது. பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்து, உடுப்பைத் தட்டிக்கொண்டு, முன்பு இருந்த இடத்திலேயே இருந்தோம். பெட்டி கூண்டுக்குள் அப்படியே இருந்தது.

புருசனும் ஒரு சாட்சி

அடுத்த சாட்சி யோகன். சேலையையும் பேணியையும் மடியில் வைத்துக்கொண்டுதான் சாட்சிக் கதிரையில் இருந்தான்.

"சாட்சி எதிரிக்கு என்ன முறை?" என்று கேட்டார் அவன் மனைவி.

"கூட வந்தவன். கொழும்பிலையிருந்து. கப்பலிலை."

"எதிரி என்ன வாக்குக் குடுத்தது?"

"என்ன வேணும் எண்டு சொன்னால் போதும், மிச்சத்தை அது பாக்கும் எண்டு. ஆரும் புரோகிராம் செய்யலாம் எண்டு."

"ஆரும் எண்டால்? கந்தையா அண்ணை செய்யலாமோ?"

"என்னை ஏன் உதுக்குள்ளை இழுக்கிறியள்? நான் வாதி!" என்றார் கந்தையா அண்ணை.

"வேறை?"

யோகன் தயங்கினான். "புரோகிராம் எழுதுறதுக்கெண்டு இனித் தனி ஆள் தேவையில்லை எண்டு."

"உங்கடை தொழில் என்ன?"

"புரோகிராம் எழுதுறது."

சபை சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றது. ரீச்சரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்களைத் தேவையில்லை எண்டு சொன்ன ஒண்டை, பேணியிலை போட்டுத் தலைக்கு வைச்சுக்கொண்டு வந்தனீங்கள். இவ்வளவு வருசமா அதுக்காகச் சண்டை பிடிக்கிறியள். ஏன்?"

யோகன் கூண்டைப் பார்த்தான். வெயில் சரிந்து கண்ணாடித் திரையில் வேப்பங்கிளைகள் தெரிந்தன.

"அது வேலை செய்யேக்கை வடிவாயிருக்கும், சறோ" என்றான். கோட்டை மறந்துவிட்டான்.

ரீச்சர் கையிலிருந்த குறிப்புக் கடதாசியை மடித்தார். நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"செத்தவீடு வந்தது. ஆர் திருத்தினது? எதிரியே? துடக்கு வந்தது, ஷெல் விழுந்தது. ஒவ்வொரு வெள்ளியும் இந்த மனுசன்தான் ஒவ்வொரு வீடாப் போய், ஆற்றை முறை ஏன் மாறினது எண்டு கேட்டுக்கொண்டு வந்து திருத்தினவர். இவர் இல்லாட்டி அது ஒரு கிழமை தாக்குப்பிடிச்சிராது. ஆள் தேவையில்லை எண்டது பச்சைப் பொய். எதிரி வாக்குத் தவறினது. அதுக்கு நான் சந்தோசப்படுறன். ஆனால் அந்தப் பொய்யை இவரையே நம்பப்பண்ணி வைச்சிருக்கே, அதைத்தான் என்னாலை மன்னிக்கேலாது."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

என்னிடம் பதில் உரை ஒன்று இருந்தது. உலகத்தில் கண்டுபிடிப்புகள் எல்லாம் முதலில் எப்படி ஏமாற்றின, பிறகு எப்படிப் பலன் தந்தன என்று வாசித்துத் திரட்டியவை, பக்கம் பக்கமாக. "எதிரி தரப்பில் மேலதிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை" என்றேன். இன்றைக்கும் என் மிகச் சிறந்த வாதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு

அம்பலவாணர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். கோட்டில் வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் தீர்ப்புகளை மொழிபெயர்த்தவர். தன்னுடையதைச் சொல்ல அவசரப்படவில்லை.

"எதிரி குற்றவாளி."

கந்தையா அண்ணை நிமிர்ந்து இருந்தார். யோகன் மடியிலிருந்த சேலையைத் தடவிக்கொண்டிருந்தான். பின்வரிசையில் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து ஒரு முனகல்.

"தண்டனையைச் சொல்லுறன். ஆள் தேவையில்லை எண்டு பொய் சொன்னபடியால், எதிரியைத் தனிய விடேலாது. இனி ஒரு ஆளின்ரை காவலிலைதான் இருக்கவேணும். அந்த ஆள் யோகநாதன். காவலுக்கு வேண்டின மண்ணெண்ணெயை வாசிகசாலை குடுக்கவேணும்."

பிள்ளைகளின் சத்தத்தில் நாதஸ்வரச் சாதகம் கூட ஒரு நொடி நின்றது.

கந்தையா அண்ணை எழும்பினார். "பொறுங்கோ, பொறுங்கோ. தீர்ப்பை ஏற்கிறன். ஆனால் என்ரை மிளகாய்க்கு என்ன தீர்ப்பு? பாதி எண்ணெய் பம்முக்கு. மற்றப் பாதி பெட்டிக்கில்லை, யோகனுக்கு. எழுதுங்கோ செயலாளர். பிறகு, உதுக்கு முறை நிக்கிறதைப் படிப்பிக்கவேணும்."

அப்படியே எழுதினேன். வாக்கெடுப்பில் கை உயர்த்தாதவர்களும் இருந்தார்கள். உயர்த்தியவர்கள்தான் அதிகம். யோகன் பெட்டியைக் காவிக்கொண்டுபோய் வாசிகசாலைக்குள் வைத்தான், வீட்டுக்குப் போகும்போது ரீச்சர் பேணியைக் காவினார். இருவரும் ஏதோ தர்க்கித்துக்கொண்டு போனார்கள். இருவருக்குமிடையில் கதை திரும்பி வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை யோகன் அந்தப் புரோகிராமிலிருந்து திகதிகளை எடுத்து எறிந்தான். எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆனால் வந்த கடதாசி ஒரு கை அகலம்தான். பெயர்கள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக. இறைத்தவருக்கு அடுத்த பெயர் எதுவோ, அது நாளைய முறை. யாரும் இறைக்காவிட்டால் முறை நிற்கும்.

"இதுக்குப் பெட்டியே தேவையில்லையே!" என்றார் ரீச்சர்.

"ஓம்" என்றான் யோகன், பெருமையோடு. "இப்பதான் புரோகிராம் சரி."

அதன் பிறகு கிணற்றுக்காகப் பெட்டி ஓடவில்லை. வெள்ளிக்கிழமைகளில், குறைந்த எண்ணெயில், பிள்ளைகளுக்காக மட்டும் ஓடியது. அவர்களில் சிலர் இன்று எங்கெங்கோ பெரிய பெட்டிகளோடு இருக்கிறார்கள். தங்கள் பெட்டி சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்று அங்கேயும் கூடிக் கதைக்கிறார்களாம்.

மழைக்கு முன் இறைத்தவர்

தொண்ணூற்றைந்தின் மழைக்காலத்தில் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்ததை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். யோகன் பேணியை எடுத்துக்கொண்டான். பெட்டி வாசிகசாலையில் நின்றது.

மறு ஆண்டு வெயில் காலத்தில் திரும்பினோம். வாசிகசாலையில் கதிரை மட்டும் இருந்தது. பேணிக்குள் தட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. புளியடிக் கிணறு சருகால் மூடிக் கிடந்தது. எல்லோருமாக இறங்கிச் சருகு அள்ளினோம், துலாவை நிமிர்த்தினோம்.

துலா நிமிர்ந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிணற்றுக் கட்டில் கடதாசி இருந்த இடத்தில் பசை மட்டும் காய்ந்து கிடந்தது. எல்லோருடைய தோட்டமும் ஒன்றுபோலக் கருகி நின்றது.

"இண்டைக்கு ஆற்றை முறை, யோகன்?" என்றார் கந்தையா அண்ணை.

நான் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று. எந்தத் திகதியிலிருந்து, எத்தனை பங்கு, எத்தனை சுற்று.

யோகன் கேட்டது ஒன்றுதான். "மழைக்கு முதல் கடைசியா இறைச்சது ஆர்?"

கந்தையா அண்ணை மண்ணைப் பார்த்தார். அவர் வேறு பெயர் சொல்லித் தன் முறை என்றிருந்தாலும் மறுக்க யாரிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

"நான்தான்" என்றார்.

"அப்ப அடுத்தது பூமணி அக்கா" என்றார் சறோ ரீச்சர்.

பூமணி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டையைக் கையில் எடுத்தார். மெலிந்து போயிருந்தார். "பாத்துக்கொண்டு நிக்கிறியள். ஆராவது ஏறி மிதியுங்கோவன்."

கந்தையா அண்ணைதான் ஏறினார். முதல் பட்டை கலங்கலாக வந்தது. மூன்றாவதோ நான்காவதோ தெளிந்தது.

திரும்பி வந்த பிறகு நாட்குறிப்பு எழுத நான் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. திகதியை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அன்று பூமணி அக்காவின் முறை.